தராசு தன்னைத்தானே நிறுக்குமா? சுயபரிசோதனையும் தேவ மகிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடப்படுத்தலுக்கு, அதாவது விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட்டுத் திருவிருந்தில் சேருவதற்கு, ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வகுப்பு எடுக்கிறேன். நான் குருவானவர் இல்லை. பகலெல்லாம் இரும்புக்கடை, சாயங்காலம் வகுப்பு. பிள்ளைகள் கேட்ட கேள்விகளும், அவர்களைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் வாசலில் நின்று கேட்ட கேள்விகளும்தான் இவை. வசனங்கள் எல்லாம் நாம் சபையில் வாசிக்கும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து.

சுயபரிசோதனை என்றால் என்ன? மனசாட்சியைக் கேட்டுக்கொண்டால் போதாதா?

வேதத்தில் இதற்கு “சோதித்தறிதல்” என்று பெயர். புலம்பல் 3:40 ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: “நாம் நம்முடைய வழிகளைச் சோதித்து ஆராய்ந்து, கர்த்தரிடத்தில் திரும்பக்கடவோம்.” பலரும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். ஆராய்ந்து முடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து வருத்தப்படுவதில்லை இது. எழுந்து திரும்ப வேண்டும்.

மனசாட்சி வேண்டும்தான். ஆனால் அது மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்குக் காரணம் என் கடையிலேயே இருக்கிறது. ஆணி, கட்டுக்கம்பி எல்லாம் எடை போட்டு விற்பதற்கு மின்னணுத் தராசு வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் காட்டி அதற்கு முத்திரை வாங்க வேண்டும். ஒரு வருஷம் அவர் தம் நிறைகல்லை, சரியாக ஒரு கிலோ, தட்டில் வைத்தார். தராசு 1.020 காட்டியது. அதாவது கிலோவுக்கு 20 கிராம் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை நாளாக என்று தெரியாது. தினமும் காலையில் தட்டைத் துடைத்துவிட்டுப் பார்ப்பேன், பூஜ்யம் ஒழுங்காகத்தான் காட்டும். காலித் தட்டில் எந்தத் தராசும் யோக்கியம்தான்.

மனசாட்சியும் அப்படித்தான். அதுவே கோணிப் போயிருந்தால் அதற்குத் தெரியாது. “எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது, அதை அறியத்தக்கவன் யார்?” என்று எரேமியா (17:9) கேட்பது இதைத்தான். அதனால்தான் 139-ஆம் சங்கீதத்தின் முடிவில் “என்னை நானே ஆராய்வேன்” என்று வரவில்லை. “தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்” என்று வருகிறது. நிறைகல் வெளியே இருந்து வர வேண்டும். நீதிமொழிகள் 11:1-இல் “சுமுத்திரையான நிறைகல்” என்று ஒரு சொல் உண்டு. அந்த முத்திரை நாளுக்குப் பிறகு அந்த வசனத்தை என்னால் வேகமாக வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை.

அப்பமும் பாத்திரமும் பகிரும் திருவிருந்துக்கு முன் தன்னைச் சோதிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றினால் அன்று எடுக்காமல் இருந்துவிடலாமா?

எங்கள் பக்கத்தில் அடிக்கடி பார்ப்பது இது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் பின்பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார், முன்னே போகமாட்டார். அந்தப் பயத்தை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஆனால் வசனம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

“எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்” (1 கொரிந்தியர் 11:28). சோதித்தறிந்து புசிக்காமல் இருக்கக்கடவன் என்று இல்லை. அடுத்த வசனத்தில் வரும் “அபாத்திரமாய்” (தகுதியற்ற விதமாய்) என்ற சொல் ஆளைக் குறிப்பதில்லை, புசிக்கும் விதத்தைக் குறிக்கிறது. தகுதியுள்ள ஆள் மட்டும் வரலாம் என்றால் பந்தியில் ஒருவரும் இருக்க மாட்டோம், பரிமாறுகிற குருவானவரும் சேர்த்து.

சரி, அப்போஸ்தலர் பவுல் இந்தக் கடிதத்தை எழுதிய கொரிந்து பட்டணத்துச் சபையில் என்னதான் நடந்தது? நம் பக்கத்து அசனப் பண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே அண்டாவில் வெந்த சோற்றைச் சாப்பிடுகிறோம். அங்கேயும் அப்படி ஒரு சபை விருந்துதான். ஆனால் வசதியுள்ளவர்கள் சீக்கிரம் வந்து, தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே தின்று தீர்த்தார்கள். வேலை முடிந்து பிந்தி வந்த ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்று பவுல் எழுதுகிறார். “இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” என்று கேட்கிறார். இதற்கு நடுவில்தான் “தன்னைத்தானே சோதித்தறிந்து” வருகிறது. அதிகாரம் முடிவதற்குள் அவர் தரும் மருந்தும் ரொம்பச் சாதாரணமானது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

ஆக, திருவிருந்துக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி “நேற்று என்ன கெட்ட எண்ணம் வந்தது” என்பது இல்லை. “இந்தப் பந்தியில் யாரை நான் என் பக்கத்தில் உட்காரவிடவில்லை?” என்பது.

தமிழ்ச் சபைகளுக்கு இது பழைய காயம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: சபைக்குள் சாதி வேறுபாட்டை முழுவதுமாக விட்டுவிட வேண்டும், திருவிருந்திலும் அது கூடாது. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பலர் சபையை விட்டே போனார்கள். ஜெபம் தெரியாதவர்களோ வேதம் வாசிக்காதவர்களோ அல்ல அவர்கள், தலைமுறை தலைமுறையாய்க் கிறிஸ்தவர்கள். திருவிருந்துக்கு முன் தங்களை ஆராய்ந்துதான் வந்திருப்பார்கள். அந்த ஆராய்ச்சியில் இது மட்டும் அகப்படவில்லை. இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் நிற்கும் ஊர்கள் இருக்கின்றன. தலைகுனிந்து பின்பெஞ்சில் இருக்கும் அண்ணன் தம் வீட்டுச் சண்டையை நினைத்து அழுகிறார், நல்லது. அந்தச் சுவரை நினைத்து ஒருவரும் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

தேவனை மகிமைப்படுத்துவது என்கிறோமே, அவருக்கு நம்மால் எதைக் கூட்டிக் கொடுக்க முடியும்?

ஒன்றையும் கூட்ட முடியாது. விளக்கு ஏற்றி யாரும் சூரியனை வெளிச்சமாக்குவதில்லை.

எபிரெயத்தில் மகிமைக்கு “காபோத்” என்று பெயர். அதன் வேர்ச்சொல்லுக்குப் பாரம், எடை என்று பொருள். “உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக” என்ற கட்டளையிலும் அதே வேர்தான் இருக்கிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அங்கே “கனம்” என்று போட்டது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். மூட்டை கனமாக இருக்கிறது என்கிறோம், கனம் பொருந்திய நீதிபதி அவர்களே என்கிறோம். எடைக்கும் மரியாதைக்கும் நமக்கும் ஒரே சொல்.

இப்படி வைத்துக்கொண்டால் எனக்கு விளங்குகிறது. ஒரு முடிவு எடுக்கும்போது தட்டில் பல கற்கள் விழும்: லாபம், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், பிள்ளையின் படிப்பு, என் ரோஷம். அதில் தேவனுடைய வார்த்தைக்கு எவ்வளவு எடை? அதை வைத்ததால் தட்டு இறங்கியதா, அல்லது சும்மா ஓரமாய்க் கிடந்ததா? அவருக்கு உரிய கனத்தைக் கொடுப்பதுதான் மகிமைப்படுத்துவது. அவர் கனம் நம்மால் கூடுவதில்லை. நம் தராசில் அது சரியாகக் காட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்க 1647-இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடையில் மொத்தம் 107 கேள்விகள். முதல் கேள்வியே மனிதனுடைய பிரதான நோக்கம் என்ன என்பதுதான். தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் மகிழ்ந்திருப்பதும் என்பது விடை. அந்த இரண்டாவது பகுதியை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால்தான் பக்தி என்று ஒரு நினைப்பு.

ஊழியக்காரர்கள் மகிமைப்படுத்தலாம். கடைக்காரர், கொத்தனார், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்ன செய்ய முடியும்?

“நீங்கள் புசித்தாலும், குடித்தாலும், எதைச்செய்தாலும், எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று செய்யுங்கள்” (1 கொரிந்தியர் 10:31). இந்த வசனத்தை நாட்காட்டியில் தனியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அது வருகிற இடம் கசாப்புக்கடை. சந்தையில் விற்கும் இறைச்சி விக்கிரகத்துக்குப் படைத்ததாக இருக்குமோ, வாங்கலாமா கூடாதா என்ற தகராறில் பவுல் தீர்ப்புச் சொல்கிறார். கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடு; ஆனால் பக்கத்தில் இருப்பவனுடைய மனச்சாட்சி இடறும் என்றால் அவனுக்காக விட்டுவிடு. பவுல் மகிமையைப் பற்றிப் பேசுவது சாப்பாட்டு மேஜையில், அதுவும் எதிரே இருப்பவனைப் பார்த்துக்கொண்டு.

ஜெர்மன் இசைமேதை பாக் தம் இசைக் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் கடைசியில் “தேவனுக்கே மகிமை” என்று பொருள்படும் மூன்று லத்தீன் எழுத்துகளைப் போடுவார். நமக்கு அவ்வளவு திறமை இல்லை. ஆனால் சுவர் பூசுகிறவர் தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கிறாரே, ஆளில்லாத பின்பக்கச் சுவரிலும் அதை வைத்துப் பார்த்தால் அதுவும் அந்த எழுத்துகள் மாதிரிதான் என்று எங்கள் உபதேசியார் ஒருமுறை சொன்னார். அன்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் கட்டட வேலைக்காரர்கள். யாரும் தூங்கவில்லை.

தினமும் எப்படிச் செய்வது? எவ்வளவு நேரம்?

பத்து நிமிஷம் போதும். கூட்டினால் இரண்டு நாளில் விட்டுவிடுவீர்கள்.

பழைய முறை ஒன்று உண்டு. இயேசு சபையை ஆரம்பித்த லொயோலா இஞ்ஞாசியாரின் “ஆன்மப் பயிற்சிகள்” என்ற புத்தகம் 1548-இல் அச்சானது. அதில் அன்றாட ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள்: முதலில் நன்றி, பிறகு தன்னை அறிய கிருபை கேட்பது, பிறகு நாளை மணிமணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு கேட்பது, கடைசியில் நாளைக்கு என்ன என்ற தீர்மானம். இஞ்ஞாசியாரின் தோழர்தான் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார். நாங்கள் சீர்திருத்தச் சபை, இது கத்தோலிக்க முறை ஆயிற்றே என்று ஒருவர் கேட்டார். நன்றியில் ஆரம்பிப்பதில் எனக்கு எந்தச் சபைச் சண்டையும் தெரியவில்லை.

நன்றியில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. குற்றப்பட்டியலில் ஆரம்பித்தால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். வாங்கியதை முதலில் எண்ணினால், கொடுக்காமல் விட்டது தானே வெளியே வரும்.

நான் இரவில் கல்லாவை எண்ணி முடித்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் செய்கிறேன். கல்லா எண்ணுவதே ஒரு பாடம்தான். பணம் ஐம்பது ரூபாய் குறைந்தால் பையன்கள் முகம் வாடும். ஐம்பது ரூபாய் கூடினால் சிரிப்பார்கள். குறைந்தால் நம் நஷ்டம், அதோடு போயிற்று. கூடினால் எவரோ ஒருவர் மீதிச் சில்லறை வாங்காமல் போயிருக்கிறார். இதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

நோட்டில் எழுதி வைக்கலாமா?

எழுதலாம். வீட்டில் யாரும் படித்துவிடக் கூடாது என்று குறியீட்டில் எழுதவேண்டிய நிலை வந்தால் நிறுத்திவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது மேல்.

என்னென்ன கேள்விகளைக் கேட்டுக்கொள்வது?

நீளமான பட்டியல்கள் கிடைக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை குறைவு, பட்டியலில் இல்லாத பாவத்தில்தான் நாம் கெட்டிக்காரர்கள்.

ஜெர்மன் சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பிறகு சேர்த்த பாவ அறிக்கைப் பகுதி ஒன்று இருக்கிறது. எந்தப் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்ற கேள்விக்கு அவர் சொல்லும் வழி எளிது: பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, கையில் வைத்துக்கொண்டு, நீ இருக்கிற இடத்தைப் பார். நீ தகப்பனா, தாயா, மகனா, மகளா, முதலாளியா, வேலைக்காரனா? கீழ்ப்படியாமல், சோம்பலாய், உண்மையில்லாமல் இருந்தாயா? யாரையாவது சொல்லாலோ செயலாலோ நோகப் பண்ணினாயா?

“நான் நல்ல கிறிஸ்தவனா?” என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் பொய்யாக இருக்கும். “சம்பளம் கொடுக்கிற அண்ணாச்சியாக இந்த வாரம் எப்படி இருந்தேன்?” என்று கேட்டால் உடனே ஒரு முகம் கண்ணுக்கு முன்னால் வரும். எனக்கு வருகிறது. சனிக்கிழமைச் சம்பளத்தைத் திங்கட்கிழமை வாங்கிக்கொள் என்று இரண்டு வாரம் தொடர்ந்து சொல்லியிருந்தேன், அவனும் சரி அண்ணாச்சி என்று போய்விட்டான். லூத்தரின் கேள்வி இல்லாவிட்டால் மூன்றாவது வாரமும் சொல்லியிருப்பேன்.

என்னைச் சோதிக்கச் சோதிக்கக் குற்ற உணர்வுதான் மிஞ்சுகிறது. என்ன செய்ய?

அதே லூத்தரும் துறவியாக இருந்த காலத்தில் இதில் மாட்டிக்கொண்டார். மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வார், அறையைவிட்டு வந்ததும் இன்னொன்று ஞாபகம் வந்து திரும்ப ஓடுவார். கேட்டுக் கேட்டு அலுத்தவர் அவருடைய மேலாளர் ஸ்டாவ்பிட்ஸ். உன் பாவத்தைப் பார்த்தது போதும், கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்பதுதான் அவர் சொன்ன புத்திமதி.

ஒரே ராத்திரியில் இரண்டு பேர் இயேசுவுக்குத் துரோகம் செய்தார்கள், இரண்டு பேரும் மனம் நொந்தார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான், “குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்” என்று வாயால் அறிக்கையும் செய்தான். அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு அழுததைத் தவிர அன்றைக்கு வேறு ஒன்றும் செய்யவில்லை. கணக்குப் போட்டால் யூதாஸ்தான் முந்துகிறான். ஆனால் அவன் போனது பிரதான ஆசாரியரிடம், அவர்கள் சொன்ன பதில்: “எங்களுக்கென்ன, அது உன்பாடு.” பேதுருவோ கடற்கரையில் கரிநெருப்பில் மீன் வைத்துக் காத்திருந்த, உயிர்த்தெழுந்த இயேசுவிடம் போய்ச் சேர்ந்தான்.

உங்கள் சுயபரிசோதனை முடியும்போது காதில் “அது உன்பாடு” என்று கேட்டால், அந்தக் குரல் யாருடையது என்று யோசியுங்கள். 1 யோவான் 3:20 சொல்கிறது: “நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்.”

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே பாவத்தை அறிக்கையிட்டு அறிக்கையிட்டும் ஓயவில்லை, தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது விசுவாசக் குறைவு இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டே ஜெபிக்கிறோம், இதற்கும் அப்படியே.

எனக்கு ஒரு குறையும் தெரியவில்லையே?

பவுலுக்கும் தெரியவில்லை. “என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் அதினாலே நான் நீதிமானாகிறதில்லை” என்று 1 கொரிந்தியர் 4:4-இல் எழுதுகிறார். தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் இருக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது.

வட அமெரிக்காவில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் என்று ஒரு போதகர் இருந்தார். 1722, 1723-ஆம் ஆண்டுகளில், இருபது வயதையொட்டி, தமக்கென்று 70 தீர்மானங்களை எழுதி, வாரம் ஒருமுறை அவற்றை வாசித்துத் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று குறித்தும் வைத்தார். முதல் தீர்மானமே தேவ மகிமைக்கு மிகவும் ஏற்றதைச் செய்வேன் என்பதுதான். ராத்திரி படுக்கும்போது எதில் அசட்டையாக இருந்தேன் என்று கேட்பேன் என்றும் அதில் ஒன்று உண்டு. தேவன் உலகத்தைப் படைத்த நோக்கம் அவருடைய மகிமை என்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். நம் தலைப்புக்கு இவரைவிடப் பெரிய ஆள் கிடைப்பது கஷ்டம்.

அவர் 1731-இல் நியூபோர்ட் துறைமுகத்துக்குப் போய், ஏறக்குறைய 14 வயதுள்ள கறுப்பினச் சிறுமி ஒருத்தியை விலைக்கு வாங்கினார். வீனஸ் என்பது அவளுக்கு இட்டிருந்த பெயர். விற்பனைச் சீட்டு இன்னும் இருக்கிறது.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, “அப்ப அந்த எழுபதுல இது வரலையா சார்?” என்று கேட்டாள். வரவில்லை. எட்வர்ட்ஸ் வேஷக்காரர் என்று நான் நினைக்கவில்லை. அவர் உண்மையாகத்தான் தேடினார், தம் காலமும் தம் வர்க்கமும் விளக்குப் பிடித்த இடத்தில் மட்டும் தேடினார். வீனஸிடம் கேட்டிருந்தால் எழுபத்தோராவது தீர்மானம் கிடைத்திருக்கும்.

தாவீது ராஜாவுக்கு நாத்தான் தீர்க்கதரிசி வேண்டியிருந்தது. பிறன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட விஷயத்தில் அவன் தனியாக உட்கார்ந்து ஜெபித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் வந்து ஆட்டுக்குட்டிக் கதை சொல்லி “நீயே அந்த மனுஷன்” என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே குறை தெரியவில்லை என்கிறவர்களுக்கு நான் சொல்வது: உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடமோ, உங்கள் மனைவியிடமோ, மருமகளிடமோ கேளுங்கள். உண்மையைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்ற தைரியம் அவர்களுக்கு இருக்க வேண்டும். அந்தத் தைரியம் அவர்களுக்கு இல்லை என்றால் முதல் குறை அகப்பட்டுவிட்டது.

அப்படியானால் நான் மற்றவர்களைச் சோதித்துச் சொல்லலாமா?

உன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை உணராமல் உன் சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பைப் பார்ப்பதேன் என்று இயேசு கேட்டார் (மத்தேயு 7:3). கேட்டால் சொல்லுங்கள். கேட்காமல் சொல்லும் நாத்தான்கள் நம் சபைகளில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

தேவனிடம் மன்னிப்பு கேட்டாயிற்று. மனுஷரிடமும் போக வேண்டுமா?

போக வேண்டும். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடே ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார் (மத்தேயு 5:23, 24). வரி வசூலித்த சகேயு ஒரு படி மேலே போய், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான்.

அந்தத் தராசு விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வாளர் சரிசெய்து முத்திரை போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒருவரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. வேண்டுமென்று செய்ததும் இல்லை. மனசாட்சி என்னைக் குத்தியது என்று சொன்னால் பொய். பற்று நோட்டைப் புரட்டியபோது பேர்கள் இருந்தன, அவ்வளவுதான். கட்டுக்கம்பி, ஆணி யார் யார் எத்தனை கிலோ என்று இருந்தது. ரொக்கத்துக்கு வாங்கினவர்களைக் கண்டுபிடிக்க வழியில்லை. நோட்டில் இருந்தவர்களுக்குக் கணக்குப் போட்டேன். ஆளுக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ. பொட்டலம் கட்டி வைத்து, வர வரக் கொடுத்தேன். ரொக்கக்காரர்களுக்கு உத்தேசமாய் ஒரு தொகை போட்டு, அதைச் சபையின் ஏழைகள் நிதியில் சேர்த்தேன், பெயர் இல்லாமல்.

ஒரு கொத்தனார் பொட்டலத்தை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி இது?” விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “போன தையில நீங்க பில்லுல ஒரு மூட்டை சிமெண்டு விட்டுட்டீங்க. நானும் சொல்லல. அடுத்த வாரம் தாரேன்” என்றார். இன்னும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் கடைக்கு வந்தால் பில்லை என் முன்னாலேயே ஒருதடவை உரக்கப் படிக்கிறார், எனக்கும் அவருக்குமாக.

சாட்சி சொல்லும்போதும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் “தேவனுக்கே மகிமை” என்று போடுகிறோம். அது போதாதா?

போடலாம், தப்பில்லை. புது வீடு, புதுக் கார், பையனின் மதிப்பெண் ஆகியவற்றுக்குக் கீழே மட்டும் அந்த வரி வருகிறதா என்று பாருங்கள். கடனை அடைத்த அன்றும், பேசாதிருந்த தம்பியிடம் போய்ப் பேசிய அன்றும் அந்த வரியை யாரும் போடுவதில்லை, போடவேண்டியதும் இல்லை.

கோவில் மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயம் இன்னார் என்று எழுதிவைக்கிறோம். ஓடும்போது வாசிக்க முடியாது என்பது ஒரு ஆறுதல். மத்தேயு 5:16-இல் நம் நற்கிரியைகளை மனுஷர் காண வேண்டும் என்று இருக்கிறது, அடுத்த அதிகாரத்தில் மனுஷர் காணவேண்டும் என்று தர்மம் செய்யாதே என்றும் இருக்கிறது. முரண் மாதிரித் தோன்றும். பார்த்தவர் கடைசியில் யாரைப் புகழ்ந்துவிட்டுப் போனார் என்று கேட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

படுக்கையில் விழுந்துவிட்டேன், எந்த வேலையும் செய்ய முடியவில்லை. நான் எப்படித் தேவனை மகிமைப்படுத்துவது?

ஒரு அத்தை கேட்டார்கள். அவர்களுக்கு நான் வசனம் சொல்லவில்லை, திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரைப் பற்றிச் சொன்னேன். அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அங்கே ஆதரவற்ற பெண்குழந்தைகளை வளர்த்தார். 1931 அக்டோபரில் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951 ஜனவரியில் சாகும்வரை, இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் அறைக்குள்தான். அங்கிருந்தபடியே எழுதினார், பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அவர்கள் அவரைக் கூப்பிட்ட, அம்மா என்று பொருள்படும் ஒரே சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

அத்தை கேட்டுவிட்டு, “தண்ணி குடிக்க வருமா பறவை?” என்றார்கள். வரும் அத்தை என்றேன்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பெற்றோர் முதலில் செய்ய வேண்டும். பிள்ளையிடம் “அப்பா காலையில கத்தினது தப்பு” என்று ஒருதடவை சொன்னால் போதும், ஆறு வார லெந்து வகுப்பில் நான் சொல்ல நினைப்பதில் பாதி முடிந்தது. பாவப் பட்டியலைக் கொடுத்துப் பயமுறுத்த வேண்டாம். சின்ன வயதில் பழகும் பயம் பெரிய வயதில் பக்தியாக மாறி நான் பார்த்ததில்லை.

வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து, இந்த வாரம் நடந்த ஒரு விஷயத்தை எழுதச் சொல்வேன். பேர் எழுத வேண்டாம், என்னிடம் கொடுக்கவும் வேண்டாம். ஒரு வருஷம் ஒரு பையன் தானாகவே கொண்டுவந்து காட்டினான். இப்போது கல்லூரியில் படிக்கிறான், இதை எழுதலாமா என்று கேட்டேன், சரி என்றான். தாளில் நீல மையில் ஒரு வரி: “தங்கச்சி சைக்கிள்ல காத்தைப் புடுங்கி விட்டேன்.” அதற்குக் கீழே, அடுத்த வாரம் எழுதியது போலிருக்கிறது, பென்சிலில் இன்னொரு வரி: “காத்து அடிச்சுக் குடுத்தாச்சு. பின் டயர் மட்டும் பஞ்சர், அது நான் இல்ல.”